அவைக்களம் வரைந்த கைகள்

உத்திரமேரூர்ப் பேருந்து நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் வைகுண்டப் பெருமாள் கோயில் இருக்கிறது. பெயருக்குத்தான் அது கோயில். உள்ளே நுழைந்து நிற்பவர்க்கு அது ஒரு சபைக் கூடமென்றே தோன்றும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் கூடியிருந்த இடம் இதுவென்பர். சுவர்களிலும் அடித்தளத்திலும் வரிவரியாக எழுத்துகள். எங்கள் கல்லூரியின் இறுதியாண்டுத் தமிழ் மாணவர்களை ஆண்டுதோறும் இங்கே அழைத்து வருவது வழக்கம். குடவோலைக் கல்வெட்டைக் காட்டி, முதற் பராந்தக சோழரின் 12ஆம் ஆட்சியாண்டில் (919) ஒன்றும் 14ஆம் ஆட்சியாண்டில் (921) மற்றொன்றுமாக இரு சாசனங்கள் என்று விளக்கி, மதிய உணவுக்குக் காஞ்சிபுரம் திரும்பிவிடுவோம். பல ஆண்டுகளாக மாறாத பயணம் இது.

சென்ற முறை ஒரு மாணவி அந்த வழக்கத்தைக் கலைத்துவிட்டார். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வாரியத்திற்கு வரலாகாது என்ற விதியைப் படித்துக் காட்டியபோது அவர் கேட்டார்: "சார், இப்படி ஒரு விதி எழுதியிருக்காங்கன்னா, அதுக்கு முன்னாடி யாரோ ஒருத்தர் கணக்குக் காட்டாம இருந்திருக்கணும். அவர் யாரு? அவரை எப்படி விசாரிச்சாங்க? அது எங்கேயும் இல்லியே?"

உண்மைதான். குற்றம் கல்லில் இருக்கிறது, குற்றவாளி இல்லை. தீர்ப்பின் பயன் இருக்கிறது. விசாரணைக் காட்சி இல்லை. மறுமொழி சொல்ல இயலாமல் அன்று பேருந்தில் திரும்பும்போது எங்களுக்குள் எழுந்த பேச்சின் விரிவே இக்கட்டுரை. ஆட்சியில் இருப்பவர்மீது வழக்கு வருகிறது. அவைக்களத்தில் விசாரணை நடக்கிறது. வெளியே நிற்கும் மக்களுக்கு அதைக் காட்டுவது யார்? எதைக் காட்டுகிறார்?

கருவி நுழையாத இடம்

இக்கேள்விக்கு மேலைநாடுகள் கண்ட விடைகளுள் ஒன்று நீதிமன்ற ஓவியர். படப்பிடிப்புக் கருவிக்கு அனுமதி இல்லாத மன்றத்தில் தாளும் வண்ணக்கோலும் கொண்டு அமர்ந்து, அன்றைய விசாரணையை வரைந்து, மாலைச் செய்திக்குள் நாளிதழிடமோ தொலைக்காட்சியிடமோ சேர்ப்பிப்பது அவர் தொழில். நீதிபதி, சாட்சி, குற்றஞ்சாட்டப்பட்டவர், வழக்கறிஞர் ஆகிய நால்வரும் ஒரே சட்டத்துக்குள் வரவேண்டும். சாட்சி எப்போது இறங்கிப் போவார் என்பது தெரியாது. சில நேரங்களில் ஒரு முகத்திற்குக் கிடைப்பது சில நிமிடங்களே.

அமெரிக்காவில் இத்தொழில் வளர்ந்ததற்கு ஒரு வழக்கு காரணம். 1935 இல் நடந்த ஹாப்ட்மன் வழக்கில் படப்பிடிப்பாளர்கள் செய்த ஆரவாரத்தைக் கண்டபின் அந்நாட்டு வழக்கறிஞர் சங்கம் 1937 இல் நீதிமன்றத்தில் படமெடுப்பதற்கு எதிராக நெறி வகுத்தது. கூட்டாட்சி நீதிமன்றங்களின் குற்றவியல் விதிகள் 1946 இல் அதே தடையை ஏற்றன. இங்கிலாந்தோ இன்னும் கடுமையானது. 1925ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவு படமெடுப்பதை மட்டுமன்றி, மன்றத்துக்குள் அமர்ந்து வரைவதையும் தடுத்தது. ஆகவே அங்குள்ள ஓவியர் உள்ளே பார்த்துவிட்டு வெளியே வந்து நினைவிலிருந்து வரைவார். கண் உள்ளே செல்லலாம், கை செல்லலாகாது என்பதுதான் அதன் பொருள்.

இவ்வோவியங்களின் அருமை அரசியல் வழக்குகளில் புலப்பட்டது. 1969 இல் சிகாகோவில் நடந்த வழக்கொன்றில் பாபி சீல் என்ற கறுப்பினத் தலைவர், தமக்காகத் தாமே வாதிட உரிமை கேட்டு விடாது குரலெழுப்பினார். நீதிபதியின் ஆணைப்படி அவரை நாற்காலியில் கட்டி, வாயையும் கட்டிவிட்டார்கள். மன்றத்துக்குள் படக்கருவி இல்லை. ஹோவர்ட் பிராடி முதலிய ஓவியர்களின் கோடுகளில்தான் உலகம் அக்காட்சியைக் கண்டது. சொல்லால் மட்டும் கேட்டிருந்தால் நம்பத் தயங்கியிருப்பார்கள். பின்னர் வாட்டர்கேட் ஊழலில் அதிபர் நிக்சனின் நெருங்கிய துணைவர்களான மிட்செல், ஹால்டிமன், எர்லிக்மன் ஆகியோர் நீதிபதி சிரிகாவின் முன் நிறுத்தப்பட்டு 1975 சனவரி முதல் நாள் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானபோதும் மக்கள் கண்டவை இத்தகைய சித்திரங்களே. 2024 இல் நியூயார்க்கில் டொனால்ட் டிரம்ப்மீது நடந்த வழக்கும் ஒளிபரப்பாகவில்லை. கைப்பேசியில் உலகையே பார்க்கும் தலைமுறையும் சாட்சி விசாரணையை வண்ணக்கோல் ஓவியங்களிலேயே பார்த்தது.

நம் ஊர் நிலை என்ன? தமிழகத்தை நெடுங்காலம் ஆட்டிப்படைத்த அரசியல் வழக்கு செல்வி ஜெயலலிதாவின் சொத்துக்குவிப்பு வழக்கு. 1996 இல் தொடங்கி, 2003 இல் உச்சநீதிமன்ற ஆணையால் கர்நாடகத்திற்கு மாற்றப்பட்டு, 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூருவில் தண்டனைத் தீர்ப்பு வந்தது. 2015 இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. 2017 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் விசாரணை மன்றத்தின் தீர்ப்பை நிலைநிறுத்தியது. அதற்குள் அவர் மறைந்துவிட்டமையால் அவர்மீதான மேல்முறையீடு அற்றுப்போனது. இவ்வளவு நீண்ட வழக்கில் நம் நினைவில் நிற்கும் படங்கள் எவை? சாலையில் விரையும் மகிழுந்துகள், காவலர் வேலி, ஒரு பக்கம் பட்டாசு, ஒரு பக்கம் தலையிலடித்துக்கொண்டு அழும் பெண்கள். யாவும் வாசலுக்கு வெளியே நிகழ்ந்தவை. உள்ளே சாட்சி எப்படி நின்றார், கணக்கு எப்படி எண்ணப்பட்டது என்பதற்கு நம் மனத்தில் காட்சி இல்லை. காட்சி இல்லாத இடத்தில் வதந்தி குடியேறும். தீர்ப்பை ஏற்றவரும் மறுத்தவரும் விசாரணையைப் பார்த்து ஏற்கவுமில்லை, மறுக்கவுமில்லை.

அகமதாபாத்தில் ஓர் ஓவியர்

இந்திய மண்ணில் இக்கலை முற்றிலும் இல்லாமற் போனதா என்றால், இல்லை. 1922 மார்ச் 18 அன்று அகமதாபாத் சாகிபாக் பகுதியிலுள்ள அரசு விருந்தினர் மாளிகையில் காந்தியடிகள்மீதான அரசத்துரோக வழக்கு நடந்தது. 'யங் இந்தியா' இதழில் வந்த மூன்று கட்டுரைகள் குற்றப்பொருள். இதழை வெளியிட்ட சங்கர்லால் பாங்கர் உடன் குற்றஞ்சாட்டப்பட்டவர். படக்கருவிக்கு அங்கே இடமில்லை. குஜராத்தின் புகழ்பெற்ற ஓவியர் ரவிசங்கர் ராவல் பார்வையாளருள் ஒருவராக அமர்ந்து அக்காட்சியை வரைந்துகொண்டார்.

அன்று அங்கே நடந்தது வழக்கமான வழக்கன்று. குற்றஞ்சாட்டப்பட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, சட்டப்படியான மிகக் கடுமையான தண்டனையைக் கேட்டார். நீதிபதி புரூம்ஃபீல்டோ, இதுவரை தாம் விசாரித்த எவரோடும் ஒப்பிட முடியாதவர் இவர் என்று சொல்லி, 1908 இல் திலகருக்கு வழங்கப்பட்டதை முன்மாதிரியாகக் கொண்டு ஆறாண்டுத் தண்டனை விதித்தார். அரசு அதைக் குறைக்குமாயின் தம்மைவிட மகிழ்பவர் இருக்கமாட்டார் என்றும் கூறினார். இச்சொற்கள் குறிப்புகளில் கிடைக்கின்றன. ஆனால் ஒரு பேரரசின் நீதிபதியும் இடையில் துண்டு கட்டிய ஒரு மனிதரும் ஒரே அறையில் எதிரெதிரே இருந்தபோது அவ்வறை எப்படி இருந்தது என்பதை நமக்குத் தந்தது ராவலின் கை. அவர் இரண்டாண்டுகள் கழித்து 1924 இல் 'குமார்' என்ற இதழைத் தொடங்கினார். குஜராத்தியில் ஓவியமும் எழுத்தும் இணைந்து நடந்த இதழ் அது.

அதே 1908 இல் நம் திருநெல்வேலியிலும் ஒரு பெருவழக்கு நடந்தது. சூலை 7 அன்று வ.உ. சிதம்பரனாருக்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். அவ்வழக்கைத் தமிழர் முதன்மையாக அறிவது சொற்களின் வழியே. வ.உ.சி. தம் வாழ்க்கையைச் செய்யுளாகவே எழுதி வைத்தார். கேலிச்சித்திரத்தைத் தமிழ் அரசியல் இதழியலில் வேரூன்றச் செய்த பாரதியின் 'இந்தியா' வெளிவந்துகொண்டிருந்த காலம் அது என்பதை எண்ணும்போது, குஜராத்திக்கு ராவலைப் போல நமக்கும் ஒருவர் அந்த மன்றத்தில் அமர்ந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் எழத்தான் செய்கிறது.

தமிழர்க்கு வழக்குக் காட்சி புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையைவிட அரசியல் வழக்கு வேறு உண்டா? குற்றஞ்சாட்டப்படுபவன் அரசனே. சான்றுப்பொருள் அவைநடுவே உடைக்கப்படுகிறது. முத்தா, மாணிக்கமா என்பதை அவையோர் யாவரும் தம் கண்ணாலேயே பார்த்துவிடுகின்றனர். அரசனின் வாய்மொழிக்கு அங்கே வேலையில்லை. ஆனால் அதுவும் சொல்லோவியமே.

உத்திரமேரூர் வருவாயும் ஒரு பெரும் விசாரணையும்

அரசியல் ஊழல் வழக்கு ஒரு பெருங்காட்சியாக மாறியதற்கு முன்னோடி இலண்டனில் இருக்கிறது. அதன் வேர்களில் ஒன்று நம் வட்டாரத்தை நோக்கி நீள்கிறது என்பது பலர் எண்ணிப்பாராதது.

1763 இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி செங்கல்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு சாகீராக வழங்கினார். உத்திரமேரூரும் அச்சீமையுள் அடங்கியது. அடுத்த பல ஆண்டுகள் நவாபே அதைக் குத்தகைக்கு எடுத்து வரி தண்டினார். அதே நவாபு சென்னையிலிருந்த கம்பெனி ஊழியரிடம் தம் பெயரில் வாங்கிக் குவித்த கடன்கள் ஊரறிந்தவை. கடன் கொடுத்தவர் சம்பளக்காரர். அவர் கையில் அவ்வளவு பணம் எப்படி வந்தது என்று கேட்பார் இல்லை. தஞ்சை வருவாயைக் குறித்த இத்தகைய கோரிக்கைப் பூசலில்தான் ஆளுநர் பிகட் பிரபுவை அவருடைய சபை உறுப்பினர்களே 1776 ஆகஸ்டில் சிறைப்பிடித்தனர். அடுத்த ஆண்டு மே மாதம் காவலிலேயே அவர் இறந்தார். உறுப்பினர் நால்வர் இலண்டனில் விசாரிக்கப்பட்டுக் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயினர். தண்டனை, தலைக்கு ஆயிரம் பவுன் அபராதம். 1785 பிப்ரவரியில் நவாபின் கடன்களைப் பற்றி எட்மண்டு பர்க் நாடாளுமன்றத்தில் நெடிய கண்டன உரை நிகழ்த்தினார்.

அப்பர்க் முன்னின்று நடத்தியதுதான் வாரன் ஹேஸ்டிங்ஸ்மீதான கண்டன விசாரணை. ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தின் ஆளுநர் நாயகமாவதற்கு முன் சென்னைச் சபையில் இருந்தவர். 1788 பிப்ரவரி 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் தொடங்கிய விசாரணை 1795 ஏப்ரல் 23 அன்று விடுதலையில் முடிந்தது. நுழைவுச் சீட்டுக்கு அடிதடி. சீமாட்டிகள் விடியுமுன் வந்து இடம் பிடித்தார்கள். எட்வர்ட் டேய்ஸ் என்ற ஓவியர் அம்மண்டபத்தின் முழுத் தோற்றத்தையும் வரைந்தார். அது செதுக்கோவியமாக அச்சிடப்பட்டுப் பரவியது. கில்ரே போன்ற கேலிச்சித்திரக்காரர்களுக்கு அக்காலம் அறுவடைக்காலம்.

டேய்ஸின் படத்தை உற்றுப் பார்ப்பவர்க்கு ஒன்று விளங்கும். மண்டபம் பெரிது, மனிதர் சிறியர். பிரபுக்கள் வரிசை, பொதுச்சபையினர் வரிசை, பார்வையாளர் மாடங்கள் என யார் எங்கே அமர்ந்தனர் என்பதே அப்படத்தின் பொருள். கில்ரேயிடம் நாம் காண்பது முகங்களை. டேய்ஸிடம் காண்பது முறையை. அரசியல் வழக்கை வரையும் கைகளுக்கு இவை இரண்டும் இருவேறு வழிகள். இவ்வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நம் ஊருக்குத் திரும்புவோம்.

கல்லிலும் சுவரிலும் வரைந்தவர்கள்

உத்திரமேரூருக்கு 30 கி.மீ. தொலைவில் காஞ்சிபுரத்தில் மற்றொரு வைகுண்டப் பெருமாள் கோயில் உண்டு. எட்டாம் நூற்றாண்டின் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் எடுப்பித்தது. உத்திரமேரூரைப் பிரமதேயமாக அமைத்தவனும் அவனே என்பர். அக்கோயிலின் திருச்சுற்று மாளிகைச் சுவரில் பல்லவர் வரலாறு புடைப்புச் சிற்பங்களாக ஓடுகிறது. இவற்றை விரிவாக ஆராய்ந்து 1941 இல் நூலாக வெளியிட்டவர் முனைவர் சி. மீனாட்சி.

அச்சிற்பத் தொடரில் ஓர் அரசியல் நெருக்கடி சித்திரிக்கப்பட்டுள்ளது. பரமேசுவரவர்மன் மறைந்தபின் வாரிசு இல்லை. அமைச்சரும் மூலப்பிரகிருதிகளும் கடிகையாரும் சேர்ந்து இரணியவர்மனிடம் சென்று அரசனொருவனைக் கேட்கின்றனர். அவனுடைய மூத்த புதல்வர்கள் மறுக்க, பன்னிரண்டு வயதுப் பல்லவமல்லன் உடன்படுகிறான். இக்காட்சிகளின் கீழே என்ன நடக்கிறது என்று எழுத்தும் பொறிக்கப்பட்டிருக்கிறது. படமும் அதன் கீழ் விளக்க வரியும்! நாளிதழில் வரும் சித்திரத்தின் இலக்கணம் முழுவதும் இங்கே இருக்கிறது.

ஆனால் இது வென்றவன் வரைவித்த படம் என்பதை மறக்கலாகாது. நந்திவர்மன் பல்லவரின் கிளை மரபினன். அவனை எதிர்த்து நின்ற சித்திரமாயன் என்ற பல்லவனைப் படைத்தலைவன் உதயசந்திரன் கொன்றதை உதயேந்திரம் செப்பேடு சொல்கிறது. அரியணைக்கு உரியவர் யார் என்பது ஒரு வழக்கென்றால், எதிர்த்தரப்பின் வாதம் இச்சுவரில் இல்லை. ஓவியனை அமர்த்தியவர் யார் என்று கேட்காமல் எந்த அவைச் சித்திரத்தையும் நம்பலாகாது என்பதைக் காஞ்சி நமக்குக் கற்பிக்கிறது.

வழக்கு மன்றத்தையே வரைந்த ஓவியம் தஞ்சையில் இருக்கிறது. பெரிய கோயிலின் உட்சுற்றுச் சுவரில் சோழர் கால ஓவியங்கள் பிற்கால நாயக்கர் ஓவியங்களுக்கு அடியில் மறைந்து கிடந்தன. 1931 இல் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றை வெளிக்கொணர்ந்தார். அவற்றுள் சுந்தரர் வரலாறு தலையாயது. மணக்கோலத்தில் இருந்த நம்பியாரூரரை, இவன் எனக்கு வழிவழி அடிமை என்று சொல்லித் தடுக்கிறார் ஒரு கிழவேதியர். கையில் ஓலையும் குடையும். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையோரின் முகங்களில் வியப்பும் ஐயமும் கலந்திருக்கும் அந்தப் பகுதியைப் படங்களில் பார்த்தவர்களே மறக்க இயலாது.

சேக்கிழார் இவ்வழக்கை நுணுக்கமாக விரித்திருக்கிறார். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்னும் மூவகைச் சான்றுகளுள் ஒன்றைக் காட்டுமாறு அவை கேட்கிறது. ஆரூரர் கிழித்தது படியோலை. மூல ஓலை அவைமுன் வைக்கப்படுகிறது. பாட்டனாரின் கையெழுத்தை, காப்பில் இருந்த மற்றோர் ஓலையோடு ஒப்பிட்டுப் பார்த்தபின்னரே ஆரூரருக்கு எதிராகத் தீர்ப்பு. ஆனால் காலவரிசையைக் கவனிக்க வேண்டும். தஞ்சைக் கோயில் எழுந்தது 1010ஐ ஒட்டி. சேக்கிழார் இரண்டாம் குலோத்துங்கன் காலத்தவர், பன்னிரண்டாம் நூற்றாண்டு. ஆகவே ஓவியம் காப்பியத்திற்கு நூறாண்டுக்கும் மேல் முற்பட்டது. தமிழகத்தில் ஒரு வழக்கின் விசாரணையை எழுத்தாணி விரிவாகத் தீட்டுவதற்கு முன்பே தூரிகை தீட்டிவிட்டது.

அப்படித் தீட்டியதன் பிற்கதைதான் வேதனை. சில நூற்றாண்டுகள் அது வேறோர் ஓவியத்தின் அடியில் கிடந்தது. இன்றும் அவ்விருண்ட உட்சுற்றுக்குள் பொதுமக்கள் செல்வதில்லை. பாதுகாப்புக் கருதி அது தேவையும்கூட. அவை திறந்திருந்ததைக் காட்டும் ஓவியம் மூடிய அறைக்குள் இருக்கிறது.

கணக்குக் காட்டாதவன் முகம்

இப்போது மாணவியின் கேள்விக்கு வருவோம். உத்திரமேரூர்ச் சபையார் ஏன் குற்றவாளியின் பெயரை எழுதவில்லை?

919 இல் ஒரு முறை விதி வகுக்கிறார்கள். இரண்டே ஆண்டில் 921 இல் திருத்தி மறுபடி வகுக்கிறார்கள். வயது வரம்பு முன்பு 30 முதல் 60. இப்போது 35 முதல் 70. இரு முறையும் அரசாணையுடன் வந்த அதிகாரி உடனிருக்கிறார். தீயோர் கெட்டு நல்லோர் தழைப்பதற்காக இவ்வேற்பாடு என்று இரண்டாம் சாசனம் காரணமும் சொல்கிறது. ஏதோ ஒரு பெருங்கேடு ஊரை உலுக்கியிருந்தாலன்றி இவ்வளவு விரைவும் இவ்வளவு கண்டிப்பும் வந்திரா என்பது எங்கள் எண்ணம். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்லன். அவனுடைய மக்கள், உடன்பிறந்தார், மாமன், மைத்துனன், சகோதரியின் கணவன் என நீளும் உறவுப்பட்டியல் முழுவதும் விலக்கப்படுகிறது. பிறர் பொருள் கவர்ந்தவன், பொய்யாவணம் புனைந்தவன், கழுதை ஏறியவன் ஆகியோரும் விலக்கப்படுகின்றனர். கழுதை ஏறியவன் என்பதற்கு, தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றி ஊர்வலம் விடப்பட்டவன் என்று அறிஞர் சிலர் பொருள் கொள்வர்.

அப்பொருள் சரியானால், முகத்தைக் காட்டும் கலையை இவ்வூரும் அறிந்தேயிருந்தது. கழுதை ஊர்வலம் என்பது ஊரார் அனைவருக்குமான கேலிச்சித்திரம். எழுத்தறியாதவனும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வான். ஆனால் அது ஒரு பொழுதோடு முடிந்துவிடும். கல்லில் நிலைக்க வேண்டியது எது என்று தேர்ந்தெடுக்கும் வேளையில் சபையார் முகத்தை விட்டுவிட்டார்கள், முறையை எடுத்துக்கொண்டார்கள்.

அம்முறையை எப்படி எழுதினார்கள் என்பதை இத்தனை ஆண்டு மாணவர்க்குப் படித்துக் காட்டிய நாங்களே இப்போதுதான் கவனித்தோம். முப்பது குடும்புகளுக்கும் தனித்தனியே ஓலைகளில் பெயர் எழுதி, வாயோலை கட்டிக் குடத்தில் இட வேண்டும். இளையோரும் முதியோருமாக மகாசபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். ஊரிலுள்ள நம்பிமார் ஒருவரையும் ஒழியாமே மண்டபத்தின் உள்ளே இருத்த வேண்டும். அவர்களுள் மூத்தவர் எழுந்து நின்று, எல்லாரும் காணும்படி குடத்தை மேல்நோக்கி எடுத்துப் பிடிக்க வேண்டும். வேறுபாடு அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுப்பிக்க வேண்டும். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பெயரை அவன் வாசித்தபின் உள்ளிருக்கும் நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும்.

இதைவிடத் துல்லியமான அவைச் சித்திரம் எது? யார் எங்கே நிற்பது, குடம் எந்த உயரத்தில் இருப்பது, விரல் எப்படி இருப்பது என்பது வரை கல்லில் இருக்கிறது. ஓலையை உள்ளங்கையில் மறைத்து மாற்றிவிடும் கையைக் கண்டிருந்தவர்களே விரலை விரிக்கச் சொல்லியிருப்பார்கள். பெயர் சொல்லப்படாத அந்தக் குற்றவாளி அங்கே, அவ்விரல்களின் இடைவெளியில் நிற்கிறான். இதை எழுதியவன் பெயரும் சாசன முடிவில் உண்டு: காடாடிப்போத்தன் சிவக்குறி இராஜமல்லமங்கலப்பிரியன். அவனும் ஒரு மத்தியஸ்தன். அவைக்குள் இருந்து பார்த்தவன்.

இச்சபையை வானளாவப் புகழ்வது எம் நோக்கமன்று. வரி செலுத்தும் கால்வேலிக்கு மேற்பட்ட நிலமும் வேதப் பயிற்சியும் உடைய அந்தண ஆடவர்க்கே அக்குடத்தில் இடமிருந்தது. பெண்ணுக்கு இல்லை, நிலத்தில் உழுதவனுக்கு இல்லை. சுவரில் வெட்டிய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவரும் மிகச் சிலர். படமாக இருந்திருந்தால் உழுதவனும் பார்த்திருப்பான் என்ற குறை நியாயமானதே. எல்லாரும் காணும்படி என்பதில் அந்த 'எல்லாரும்' யார் என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இன்று அக்கேள்வி வேறு வடிவில் வந்திருக்கிறது. நீதிமன்ற நடவடிக்கைகளை நேரலையாகக் காட்டலாம் என்று 2018 செப்டம்பர் 26 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பர் 27 முதல் அரசியல் சாசன அமர்வின் விசாரணைகள் நேரலையில் வந்தன. வரவேற்க வேண்டிய மாற்றம். ஆயினும் சாட்சி நிற்பதும் கணக்கு எண்ணப்படுவதும் கீழ் நீதிமன்றங்களில். நேரலை வந்த இடத்திலும் மக்கள் கைக்கு வந்து சேர்பவை பெரும்பாலும் நீதிபதி சினந்த அரை நிமிடம், வழக்கறிஞர் திணறிய கால் நிமிடம். டேய்ஸ் வரைந்த மண்டபத்தைக் கொடுத்தாலும் நாம் கில்ரேயின் முகத்தையே வெட்டியெடுத்துக்கொள்கிறோம். அரசியல்வாதி கைதாகும் நாளில் நாம் காட்டும் ஆர்வத்தில் பத்திலொரு பங்கை, அவர் காட்டாத கணக்கு அவையில் எப்படி எண்ணப்பட்டது என்பதில் காட்டியதுண்டா? கிராமசபையில் வரவு செலவு வாசிக்கப்படும் நாளில் நம்மில் எத்தனை பேர் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கிறோம்?

ராவல் போன்றதொரு கை நம் மன்றங்களிலும் அமர வேண்டும் என்பதே எம் விருப்பம். அக்கை முகத்தோடு நின்றுவிடாமல், உத்திரமேரூர் மத்தியஸ்தனைப் போல, விரல் விரிந்திருந்ததா என்பதையும் பார்த்துக் குறிக்க வேண்டும்.

அடுத்த வாரம் அம்மாணவி தம் பயணக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். கல்வெட்டின் பாடத்தைப் படியெடுத்து எழுதியிருந்தார். கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு படம். உயர்த்திய குடம், அருகில் ஒரு சிறுவன், எதிரே ஒரு கை. வரைபழக்கம் இல்லாத கை என்பது கோட்டில் தெரிந்தது. ஆனால் விரல்கள் ஐந்தும் தனித்தனியாக, நன்றாக விரிந்திருந்தன. மதிப்பெண் பட்டியலில் படத்திற்கென்று இடமில்லை. குறிப்பேட்டை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் துறை நூலகத்தில் வைத்துக்கொண்டோம்.